பழைய ராணுவ ஆக்‌ஷனில் புது ரைஃபிள் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ராணுவ உபரி ரைஃபிள்களை வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் ஏற்ப மறுகட்டுமானம் செய்யும் பட்டறையாளர்கள், அத்தொழிலைப் பயில்வோர், அவர்களிடம் வேலை கொடுக்கும் சேகரிப்பாளர்கள்

போல்ட் ரைஃபிளில் பேரல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கட்டை உடைந்தால் வேறு கட்டை செதுக்கலாம். ஆக்‌ஷன் அப்படியல்ல. ரிசீவர், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட், விசை, மேகசின் பெட்டி ஆகியவை சேர்ந்த இந்தத் தொகுதிதான் தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குகிறது. .30-06 தோட்டாவுக்கு ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி. வகுத்த உச்ச வரம்பு 4,050 பார்; .308 வின்செஸ்டருக்கு 4,150 பார். வளிமண்டல அழுத்தத்தைப் போல் நாலாயிரம் மடங்கான இந்த அழுத்தத்தின் உதை, போல்ட் தலையில் துருத்தி நிற்கும் இரண்டு லக்குகளின் வழியாக ரிசீவருக்குள் இறங்குகிறது. சுடுபவரின் கண் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. நூறாண்டு பழைய ஆக்‌ஷனில் புதுப் பேரல் பூட்டும் வேலை அழகு பார்க்கும் வேலையாக மட்டும் இருக்க முடியாததன் காரணம் இதுவே.

இந்த வழக்கம் தோன்றிய கதை சுருக்கமானது. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரில் பவுல் மவுசர் உருவாக்கிய ரைஃபிளை ஜெர்மன் ராணுவம் 1898-ல் ஏற்றது. அதே ஆக்‌ஷனைப் புதிதாக வாங்கி லண்டனின் ரிக்பி போன்ற நிறுவனங்கள் வேட்டை ரைஃபிள்கள் கட்டின. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த .275 ரிக்பியும் மவுசர் ஆக்‌ஷனில் அமைந்ததே. அமெரிக்காவில் தியோடோர் ரூஸ்வெல்ட் ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளை வேட்டைக்கேற்ப மாற்றச் செய்து, 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். 1923-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோ பட்டறை இத்தகைய மாற்றங்களை உயர்ந்த கைவினையாகவே வளர்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் கிடங்குகள் காலியாகி, மவுசர்களும் என்ஃபீல்டுகளும் அமெரிக்கச் சந்தையில் சொற்ப விலைக்குக் குவிந்தன. 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ராணுவ உபரி இறக்குமதியை அடைக்கும் வரை அந்த வெள்ளம் ஓடியது. வீட்டுக் கொட்டகைகளில் அறுக்கப்பட்டு, துளையிடப்பட்டு, பாதியில் விடப்பட்ட ஆக்‌ஷன்கள் இன்றும் கைமாறுகின்றன. பட்டறைக்கு வருபவற்றில் பெரும்பகுதி அவையே.

வாடிக்கையாளர் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன் வருகிறார்: இது நல்ல ஆக்‌ஷனா? அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது எந்த ஆக்‌ஷன் என்பது ஒன்று. அந்த இனத்தைச் சேர்ந்த இந்தக் குறிப்பிட்ட துண்டு இன்று எந்த நிலையில் உள்ளது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அடையாளங்களும் அளவுகளும் விடை தரும். இரண்டாவதற்கு ஆய்வு மட்டுமே விடை தரும். பட்டறைகளில் நேரும் விபத்துகளுக்கு முதல் விடையையே இரண்டாவதற்கும் வைத்துக்கொள்வது ஒரு முக்கியக் காரணம். “98 மவுசர், எதையும் தாங்கும்” என்ற பேச்சு அதற்கு நல்ல உதாரணம்.

அடையாளம் காணும் வேலை ரிசீவரில் பொறித்த முத்திரையில் தொடங்கக் கூடாது. முத்திரை தேய்ந்திருக்கலாம், வேண்டுமென்றே அரைத்து எடுக்கப்பட்டிருக்கலாம், ஒரு நாட்டின் ரைஃபிளை இன்னொரு நாடு வாங்கித் தன் சின்னத்தை மேலே அடித்திருக்கலாம். முதலில் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மவுசர் 98 வகையில் முன்னால் இரண்டு லக்குகளும், பின்னால் கைப்பிடிக்குச் சற்று முன்னே மூன்றாவதாக ஒரு பாதுகாப்பு லக்கும் இருக்கும். கைப்பிடியைத் தூக்கும்போதே சுத்தியல் ஊசி பின்னுக்கு இழுபட்டு ஆக்‌ஷன் ஏறிவிடும். போல்ட்டின் பின் உறையில் அகன்ற விளிம்பு ஒன்று உண்டு. தோட்டாவின் அடிப்பகுதி கிழிந்து வாயு பின்னோக்கிப் பாய்ந்தால் முகத்தில் அடிக்காமல் திருப்பிவிடுவது அது. போல்ட்டின் உடலில் வாயு வெளியேறும் இரண்டு பெரிய துளைகளும் தெரியும். பேரலின் வாய்க்கு எதிரே ரிசீவருக்குள் ஓர் உள்வளையம் போல்ட் தலையைச் சுற்றி நிற்கும். இவை அனைத்தையும் ஒன்றாகக் கொண்ட ஆக்‌ஷன் 98 குடும்பத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது லக் இல்லாமல், கைப்பிடியை முன்னுக்குத் தள்ளி மூடும்போதே ஊசி ஏறினால், அது பெரும்பாலும் 1893, 1895, 1896 மாதிரிகளின் குடும்பம். ஸ்பெயினின் 1893, சிலியின் 1895, ஸ்வீடனின் 1896 ஆகியவை இதில் அடங்கும். அகன்ற வாயு விளிம்பும் உள்வளையமும் இவற்றில் இல்லை. மேகசின் பெட்டி கட்டைக்குக் கீழே தனியாகத் துருத்திக்கொண்டு, தோட்டாக்கள் ஒரே வரிசையில் அடுக்கப்படுமானால் அது இன்னும் பழைய 1889 அல்லது 1891 மாதிரி. பெல்ஜியமும் அர்ஜென்டினாவும் பயன்படுத்தியது. அதை இருக்கிறபடியே பாதுகாப்பது நல்லது.

98 குடும்பத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. பணம் விரயமாவது இங்கேதான். ரிசீவரின் முன்வளையம் பெரிதா சிறிதா என்பது முதல் பிரிவு. பெரிய வளையத்தின் விட்டம் சுமார் 35.8 மில்லிமீட்டர், சிறியது சுமார் 33. பேரல் திருகும் மரையின் விட்டம் பெரிய வகையில் சுமார் 27.9 மில்லிமீட்டர், சிறிய வகையில் சுமார் 24.9, இரண்டிலும் அங்குலத்துக்கு 12 மரை. வளையம் பெரிதாக இருந்தால் மரையும் பெரிதாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் பேரல் வரவழைப்பவர்கள் ஏமாறும் இடம் துருக்கி ரைஃபிள். கிரிக்காலே ஆலையின் 1938 மாதிரியில் வெளிவட்டம் பெரியது, மரை சிறியது. இதற்கு நேர்மாறானது செக் நாட்டின் ப்ர்னோ ஆலை 1940 முதல் 1942 வரை ஜெர்மன் மலைப்படைக்காகச் செய்த ஜி.33/40: வெளிவட்டம் சிறியது, மரை பெரியது. கணக்குப் போட்டால் அங்கே மரையைச் சுற்றி எஞ்சும் சுவர் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். சாதாரணப் பெரிய வளையத்தில் அது நாலு மில்லிமீட்டரை நெருங்குகிறது. ஜி.33/40 எடை குறைந்த அருமையான ஆக்‌ஷன். கைவினைஞர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அதில் மேக்னம் தோட்டாவுக்கு அறை வெட்டுவது அந்த ஆக்‌ஷனைப் புரிந்துகொள்ளாத செயல்.

நீளம் இரண்டாவது பிரிவு. அடித்தகட்டைப் பிடிக்கும் முன், பின் திருகாணிகளின் இடைவெளியை அளந்தால் போதும். வழக்கமான நீள ஆக்‌ஷனில் அது சுமார் 199 மில்லிமீட்டர்; நடுத்தர நீளத்தில் சுமார் 194. யூகோஸ்லாவியாவின் எம்-24, எம்-48 ரைஃபிள்கள் நடுத்தர நீளம். மெக்சிகோவின் 1910 மாதிரியும் வழக்கமான நீளத்தைவிடக் குறைந்தது, வளையமும் சிறியது. வழக்கமான நீள ஆக்‌ஷனின் போல்ட் எம்-48-ல் சேராது. கடையில் கிடைக்கும் ஆயத்தக் கட்டையும் பொருந்தாது. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும்.

அளந்து முடித்த பிறகு முத்திரைக்குப் போகலாம். ப்ர்னோவின் வி.இசட்.24-ல் ஆலையின் பெயர் செக் மொழியில் நீளமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சிங்கச் சின்னமும் உண்டு. ஜெர்மன் 98கே-யில் ஆலையின் பெயருக்குப் பதிலாகக் குறியீடே இருக்கும்: ஓபர்ன்டார்ஃப் மவுசருக்கு முதலில் எஸ்/42, போர்க்காலத்தில் பி.ஒய்.எஃப்., 1945-ல் எஸ்.வி.டபிள்யூ.; ப்ர்னோவுக்கு டி.ஓ.டி.; ஆஸ்திரியாவின் ஸ்டெயருக்கு பி.என்.ஜெட். 1944, 1945 ஆண்டுத் துண்டுகளில் வெட்டுக்கருவியின் கீறல்கள் அப்படியே தெரியும். மெருகு குறைந்ததாலேயே அவற்றின் வலிமையும் குறைந்தது என்று முடிவு கட்டுவது தவறு. அர்ஜென்டினாவின் 1909 மாதிரி பெர்லினில் டி.டபிள்யூ.எம். நிறுவனம் செய்தது, பின்னாளில் ரோசாரியோவிலும் செய்யப்பட்டது. அடித்தகடு கீல் வைத்துத் திறப்பதும், அதன் தாழ் விசைக்காப்புக்குள் இருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். வேலைப்பாட்டில் அதற்கு இணையான ராணுவ மவுசர் அரிது. எஃகு மென்மையாக இருக்கும் துண்டுகள் அந்த மாதிரியில் உண்டு என்பதும் தொழிலறிந்தவர்களுக்குத் தெரியும். அழகைப் பார்த்து மயங்காமல் கடினத்தன்மையை அளந்த பிறகே அதற்குப் பேரல் தேர்வு செய்வது முறை.

98-ஐயும் அதற்கு முந்திய குடும்பத்தையும் பிரித்தறிவது ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்பெயினின் இரண்டு ரைஃபிள்கள் போதும். தோற்றத்தில் எஃப்.ஆர்.7-ம் எஃப்.ஆர்.8-ம் உடன்பிறப்புகள், இரண்டும் பழைய மவுசர்களை 7.62 மில்லிமீட்டருக்கு மாற்றி எடுத்தவை. எஃப்.ஆர்.7-க்குள் இருப்பது 1893 வழி வந்த இரண்டு லக் ஆக்‌ஷன். எஃப்.ஆர்.8-க்குள் இருப்பது 1943 மாதிரியின் 98 ஆக்‌ஷன். வெளியே ஒன்றுபோல் தெரியும் இரண்டில் ஒன்றை மட்டுமே .308 அழுத்தத்துக்கு நம்பிக் கையாளலாம். ஸ்பானிய 1893 துண்டுகளில் லக் அமரும் பள்ளம் பின்னுக்கு அழுந்திப் போவது பழகிய குறை. அந்தக் குடும்பத்துக்கு உகந்த வாழ்வு 7×57-ம் மிதமான மருந்துமே.

ஸ்வீடனின் 1896 இதற்கு ஓரளவு விலக்கு. எஸ்கில்ஸ்டூனாவின் கார்ல் குஸ்தாவ் ஆலையும், ஹஸ்குவார்னாவும், சில காலம் ஓபர்ன்டார்ஃபும் செய்த இந்த ரைஃபிளில் எஃகும் இழைப்பும் மிக உயர்ந்தவை. 6.5×55 தோட்டாவுக்கு சி.ஐ.பி. வரம்பு 3,800 பார். அந்த எல்லைக்குள் அது பல்லாண்டு உழைக்கும். ஆனால் எஃகு எவ்வளவு நல்லதானாலும் இல்லாத மூன்றாவது லக்கையும் வாயு விளிம்பையும் அது ஈடுசெய்யாது. செய்நேர்த்தி வேறு, விபத்தில் சுடுபவரைக் காக்கும் அமைப்பு வேறு. அதை .270 வின்செஸ்டருக்கு மாற்றுவதில் கிடைப்பது குறைவு, இழப்பது அதிகம்.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903-ஐ அறிவது எளிது. இடப்பக்கம் மேகசினை அடைக்கும் சிறு தாழ், போல்ட்டின் பின்னால் இழுக்கக்கூடிய குமிழ், இரண்டு துண்டாக இணைந்த ஊசி, புனல்போல் சரிந்த பேரல் வாய். ஆலைப் பெயரும் தொடர் எண்ணும் முன்வளையத்தின் மேலேயே இருக்கும். அந்தத் தொடர் எண்ணே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆலையில் 285,507-க்குக் கீழும் எண் கொண்ட ரிசீவர்கள் ஒரே சூட்டில் கடினமாக்கப்பட்டவை. கொல்லுப்பட்டறையில் இரும்பின் நிறம் பார்த்துப் பதம் சொல்வது போல, அனுபவமுள்ள தொழிலாளர் கண்ணால் பார்த்தே சூடு போதும் என்று முடிவு செய்தனர். 1917-ல் ரிசீவர்கள் வெடித்துச் சிதறிய பிறகு வெப்பமானி வைத்துப் பார்த்தபோதுதான், பிரகாசமான வெயில் நாளில் “சரியான நிறம்” என்று எடுத்தது மேகமூட்டமான நாளில் எடுத்ததைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது சுமார் 165 டிகிரி செல்சியஸ், கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஒளி மிகுந்த கூடத்தில் சுட்ட எஃகு மங்கலாகத் தெரிந்திருக்கிறது, இன்னும் சூடேற்றியிருக்கிறார்கள். அளவு மீறிச் சூடான எஃகு உள்ளுக்குள் கருகி, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றது.

ராணுவத் தளவாடத் துறையின் ஜூலியன் ஹேட்சர் 1917 முதல் 1929 வரை 68 ரிசீவர்கள் உடைந்ததைத் தொகுத்திருக்கிறார். அவற்றில் பலவற்றுக்கு உடனடிக் காரணம் தரங்கெட்ட தோட்டா உறை அல்லது குழலடைப்பு. நல்ல ரிசீவராக இருந்தால் வாயு கக்கிவிட்டுத் தாங்கியிருக்கும் விபத்தில் இவை துண்டுதுண்டாகச் சிதறின. ஆகவே “இத்தனை ஆண்டு சுட்டும் ஒன்றும் ஆகவில்லை” என்ற வாதம் குறைந்த எண் ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் செல்லாது. வழக்கமான சுடுதலில் அது தாங்கலாம். தவறு நேரும் அந்த ஒரு நாளில்தான் அதன் குணம் தெரியும். மறுபடி சூடேற்றிப் பதமாக்கினால் சரியாகும் என்று பழைய பட்டறைகள் சில விற்றதுண்டு. கருகிய எஃகின் உள்ளமைப்பை உலைக்குள் வைத்துத் திரும்பப் பெற முடியாது. குறைந்த எண் ரிசீவரைச் சேகரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மறுகட்டுமானத்துக்கு வேண்டாம் என்று திருப்பித் தருவதே தகும். அந்த எல்லைக்கு மேற்பட்டவை இரட்டைச் சூட்டில் பதமானவை. பிற்காலத்தவை நிக்கல் எஃகு. இரண்டாம் உலகப் போரில் ரெமிங்டனும் ஸ்மித்-கரோனாவும் செய்த 1903ஏ3, பார்வைத்துளை பின்பாலத்தில் இருப்பதால் உடனே தெரியும். மெருகு குறைவு, உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் வாயுவைத் திருப்பும் விஷயத்தில் எந்த ஸ்பிரிங்ஃபீல்டும் 98-க்கு நிகரில்லை.

என்ஃபீல்டு பி-14, எம்-1917 ஆகிய இரட்டையர் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டு அமெரிக்காவில் வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் ஆலைகளில் செய்யப்பட்டவை. பி-14-ன் தோட்டா விளிம்புள்ள .303, எம்-1917-ன் தோட்டா .30-06. பின்பாலத்தில் பார்வைத்துளைக்கு இருபுறமும் காதுபோல் எழுந்த தகடுகள், வளைந்து மடங்கிய போல்ட் கைப்பிடி, மூடும்போது ஏறும் ஊசி ஆகியவற்றால் இவற்றை யாரும் தவறவிட முடியாது. ஆக்‌ஷன் பெரியது, நீளமானது, நிக்கல் எஃகால் ஆனது. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற நீளத் தோட்டாக்களுக்கு ராணுவ ஆக்‌ஷன்களிலேயே மிகப் பொருத்தமானது இது. பி-14-க்கு ஒரு தனி வசதியும் உண்டு: .303-ன் அகன்ற விளிம்புக்காக அதன் போல்ட் முகம் ஏற்கெனவே விரிந்தது. மேக்னம் தோட்டாவின் அடிக்கு அதில் அதிகம் கடைய வேண்டியதில்லை.

எடிஸ்டோன் துண்டுகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அங்கே பேரல்கள் மிகக் கடுமையாக முறுக்கி ஏற்றப்பட்டன. பேரலைக் கழற்றும் முயற்சியிலேயே வளையத்தில் முடி போன்ற விரிசல் விழுந்த துண்டுகள் பல. ரிசீவருக்கு நெருக்கமாகப் பேரலின் தோளில் லேத்தில் ஒரு பள்ளம் வெட்டி இறுக்கத்தை விடுவித்த பிறகே சாவி போடுவது அறிந்தவர் முறை. பழைய பேரல் வீணாகும், ரிசீவர் பிழைக்கும். விற்கும் இடத்தில் பேரல் ஏற்கெனவே கழற்றப்பட்ட எடிஸ்டோன் ரிசீவர் கிடைத்தால், அதை எப்படிக் கழற்றினார்கள் என்று கேட்டாக வேண்டும். காதுகளை அரைத்து எடுத்துப் பின்பாலத்தை உருட்டும் வேலையும் இந்த ஆக்‌ஷனில்தான் அதிகம். கொட்டகை வேலையில் அங்கே அளவுக்கு மீறி அரைபட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜப்பானின் அரிசாகாவை அமெரிக்கச் சந்தை நெடுங்காலம் ஏளனமாகப் பார்த்தது. அந்த ஏளனத்தை உடைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர் பி.ஓ. அக்லி. பல நாட்டு ராணுவ ஆக்‌ஷன்களை மருந்தைப் படிப்படியாகக் கூட்டி உடையும் வரை சோதித்தபோது, 6.5 மில்லிமீட்டர் டைப் 38 மற்றவற்றைவிட அதிகம் தாங்கியது. போல்ட்டின் பின்னால் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பும் வட்டக் காப்புக் குமிழ் அதன் அடையாளம். முன்வளையத்தில் பேரரசரின் செவ்வந்திப்பூ இருக்கும் அல்லது அரைத்த தடம் இருக்கும். டைப் 99, 7.7 மில்லிமீட்டர். போரின் கடைசிக் காலத்து டைப் 99 துண்டுகள் பார்க்க முரடானவை. உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது: பயிற்சிக்கென்று செய்த ரைஃபிள்களிலும் கடற்படைக்கான சிலவற்றிலும் ரிசீவர் வார்ப்பிரும்பு. அவற்றை எந்த நிலையிலும் சுடக் கூடாது. ஐயம் இருந்தால் சுடக் கூடாதது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல டைப் 38-ம் மறுகட்டுமானத்துக்குச் சிறந்த தேர்வாகிவிடாது. அதற்கேற்ற விசை, காப்பு, தொலைநோக்கிப் பிடி ஆகியவை கிடைப்பது கடினம். வலிமை மட்டும் ஒரு வேட்டை ரைஃபிளை ஆக்குவதில்லை.

லீ-என்ஃபீல்டின் லக்குகள் போல்ட்டின் பின்பகுதியில் இருக்கின்றன. சுடும்போது போல்ட் முழுவதும் சற்றே அமுங்கி, ரிசீவர் சற்றே நீள்கிறது. .303-க்கு இது குறையல்ல. 1960-களில் இந்தியாவின் இஷாப்பூர் ஆலை மேம்பட்ட எஃகில் 2ஏ, 2ஏ1 என்று 7.62 மில்லிமீட்டருக்கான ரைஃபிள்களைச் செய்தது. அதைக் காட்டி, பழைய நம்பர் 1 மார்க் 3-ஐயும் அதே தோட்டாவுக்கு மாற்றலாம் என்று வாதிடுவது எஃகின் வேற்றுமையைக் கணக்கில் கொள்ளாத வாதம். இந்தியாவில் உரிமத்தில் கிடைக்கும் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் இந்த ஆக்‌ஷனின் வழித்தோன்றலே. மிதமான 8×50ஆர் தோட்டாவுக்குள் நின்றதால்தான் அது நிலைத்தது.

மற்றவை விரைவில் முடியும். ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் உறுதியானது. ஆனால் விளிம்புள்ள 7.62×54ஆர் தோட்டாவுக்கென்றே அமைந்தது, வேறு எதற்கும் எளிதில் இணங்காது. அமெரிக்க க்ராக்-யோர்கன்சனில் முன்னால் தாங்குவது ஒரே லக்; .30-40-க்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இத்தாலிய கார்க்கானோவும், நேரே இழுக்கும் மன்லிகர் 1895-ம் தோட்டாக்களைக் கொத்தாக ஏந்தும் பட்டையில்லாமல் இயங்காதவை. சயாமின் மவுசர் மட்டும் ஒரு வியப்பு: 98 வழி வந்த ஆக்‌ஷனில், விளிம்புள்ள தோட்டாவுக்காகச் சாய்ந்த மேகசின் பெட்டி. .45-70 தோட்டாவுக்கு அமெரிக்கக் கைவினைஞர்கள் அதைத் தேடிப் பிடித்தது இதனால்தான்.

இனம் தெரிந்த பிறகு துண்டை ஆராயும் வேலை. பேரல் இருக்கும் நிலையிலேயே சில அறிகுறிகள் பேசும். சுட்ட பின் கைப்பிடி கனமாக எழுந்தால், அல்லது ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள தொலைவை, அளக்கும் ‘நோ-கோ’ கேஜின் மீது போல்ட் மூடினால், லக் பள்ளம் அழுந்தியிருக்க வாய்ப்புண்டு. பேரலைக் கழற்றி விளக்கொளியில் பள்ளத்தின் முகத்தைப் பார்த்தால், லக்கின் வடிவில் சிறு படி விழுந்திருக்கும். ஊசிமுனையை இழுத்துப் பார்த்தால் தட்டும். அப்படிப்பட்ட ரிசீவரில் பேரலைத் திருப்பி ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்வது நோயை மறைப்பதாகும். அழுந்திய எஃகு மறுபடி அழுந்தும்.

பழைய மவுசர் ரிசீவர்கள் பெரும்பாலும் குறைந்த கரிம எஃகில் செய்து, மேற்பரப்பில் மட்டும் கரிமம் ஏற்றிக் கடினமாக்கப்பட்டவை. கடினத் தோலும் மென்மையான உள்ளும் சேர்ந்த இந்த அமைப்பால், மிகை அழுத்தத்தில் நொறுங்காமல் நெளிந்து எச்சரிக்கும் குணம் அதற்கு வந்தது. அதே காரணத்தால் அந்தத் தோல் பட்டறையாளரின் கையில் எளிதில் தொலையும். இரண்டு லக்கும் சமமாக அமர வேண்டும் என்று தேய்ப்புப் பசை போட்டு அதிகம் தேய்த்தால் கடினத் தோல் போய்விடும். பிறகு பள்ளம் அழுந்தும். முன்வளையத்தின் சின்னத்தை ஆழமாக அரைத்த ரிசீவர், பற்றவைப்பால் நீல, வைக்கோல் நிறங்கள் படர்ந்த ரிசீவர், கட்டைக்குள் மறைந்திருந்த பகுதியில் துரு ஆழக் குழி பறித்த ரிசீவர் ஆகியவற்றை ஒதுக்குவதில் தயக்கம் வேண்டியதில்லை. நல்லதாகத் தெரியும் துண்டையும் கடினத்தன்மைச் சோதனைக்கும், காந்தத்தூள் அல்லது நிறமூட்டி விரிசல் சோதனைக்கும் உட்படுத்துவது விபத்தின் செலவைவிட மலிவு. போல்ட்டில் பார்க்க வேண்டிய முதல் இடம் இடப்பக்க லக். எஜெக்டர் செல்வதற்காக அது பிளக்கப்பட்டிருப்பதால் விரிசல் அங்கே தொடங்கும்.

தேர்ச்சி பெற்ற ஆக்‌ஷனிலும் வேலைகளுக்கு வரிசை உண்டு. தொலைநோக்கிக்காக நான்கு துளையிடும்போது கடினத் தோலில் சாதாரண துளைக்கம்பி வழுக்கும். அந்த இடத்தை விளக்குச் சுடரால் இளக்கிவிடலாம் என்ற பழைய உபாயம் முன்வளையத்தில் கூடவே கூடாது. கார்பைடு கம்பியே போதும். நேராக நீட்டிய போல்ட் கைப்பிடி தொலைநோக்கியில் இடிக்கும் என்பதால் அதை வெட்டித் தாழ்வான கைப்பிடி பற்றவைப்பார்கள். போல்ட்டுக்குள் வெப்பம் உறிஞ்சும் உருளையைத் திருகி, லக்கையும் ஊசியை ஏற்றும் சரிவையும் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளாமல் அதைச் செய்தால், பதம் போன லக்கோடு ரைஃபிள் வெளியே போகும். பழைய பேரலையே வைத்துக்கொண்டு 8×57 சுடுவதானால், குழலின் உள்ளளவைப் பார்த்தாக வேண்டும்: பழைய ஐ வகைக்குச் சுமார் 8.08 மில்லிமீட்டர் குண்டு, எஸ் வகைக்குச் சுமார் 8.20. அகன்றதைக் குறுகியதில் சுடுவது அழுத்தத்தை வீணாக ஏற்றும்.

தோட்டாத் தேர்வில் மிதமே நலம். நல்ல நிலையில் உள்ள பெரிய வளைய 98-க்கு .30-06, 7×57, 8×57, .308 ஆகியவை இயல்பாகப் பொருந்துகின்றன. மேகசினும் ஊட்டுத்தண்டும் பெரிதாக மாறாமல் ஓடும். நீள மேக்னம் தோட்டாவுக்கு அதே ஆக்‌ஷனைப் பொருத்த, தோட்டா ஏறும் சரிவைப் பின்னோக்கி வெட்ட வேண்டும். அந்தச் சரிவுக்கு மேலேதான் கீழ் லக்கின் தாங்குமுகம் இருக்கிறது. அங்கே எடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ரைஃபிளின் முதுகெலும்பில் எடுப்பது. நீளத் தோட்டா வேண்டுவோருக்கு எம்-1917 இருக்கும்போது 98-ஐ அப்படிக் குடைய என்ன தேவை இருக்கிறது?

முழுமையாக, எண்கள் எல்லாம் ஒத்து, மாற்றம் எதுவுமின்றி வந்து சேரும் ராணுவ ரைஃபிளை மறுகட்டுமானத்துக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புவது இன்றைய பட்டறையின் கடமை. 1950-களில் உபரி ரைஃபிள் மலிவு, புது வேட்டை ரைஃபிள் விலை அதிகம். இன்று தொடாத 98கே அல்லது ஸ்பிரிங்ஃபீல்டு, அதை அறுத்துக் கட்டிய பெரும்பாலான ரைஃபிள்களைவிட விலை பெறும். அறுபட்ட பேரலும் குறைக்கப்பட்ட கட்டையும் திரும்பி வராது. ஏற்கெனவே அறுக்கப்பட்டவையும், பேரலின்றித் தனியாகக் கிடக்கும் ஆக்‌ஷன்களும் இந்தக் கைவினைக்குத் தேவையான அளவுக்கு உள்ளன. ஜி.33/40 இப்போது இந்தக் கணக்கில் சேகரிப்பாளருக்கே உரியது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ன் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்தல், மாற்றுதல், பழுது பார்த்தல், சோதித்தல் அனைத்துக்கும் உரிமம் கேட்கிறது. பிரிட்டனில் பேரல் மாற்றிய ரைஃபிளை விற்கும் முன் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை மனையின் முத்திரை பெற வேண்டும். ஜெர்மனியிலும் அரசுச் சோதனை உண்டு. சி.ஐ.பி. முறையில் ரைஃபிளுக்கான சோதனைத் தோட்டா உச்ச வரம்பைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும். அமெரிக்காவில் அத்தகைய கட்டாயச் சோதனை இல்லை. அங்கே அந்தப் பொறுப்பு பட்டறையின் மேல் விழுகிறது: தாங்கியில் கட்டி, தொலைவிலிருந்து கயிற்றால் சுட்டு, முன்னும் பின்னும் ஹெட்ஸ்பேஸ் அளந்து, விரிசல் சோதனையை மறுபடி செய்து, ஆக்‌ஷனின் இனம், தொடர் எண், கடினத்தன்மை அளவு, மரை அளவு, வெட்டிய அறை ஆகியவற்றை வேலைச்சீட்டில் எழுதி, அதன் நகலை ரைஃபிளோடு உரிமையாளரிடம் கொடுப்பது.